பேய்க்குப் போன ஓலை

முன்னொரு காலத்தில், மனிதருக்கான சட்டங்களையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டுப் பொழுது போகாமல் தவித்த ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் அவர், "பேய் பிசாசுகளும் எம் குடிகளே! அனுமதி இல்லாமல் எந்தப் பேயும் எந்த மரத்திலும் குடியிருக்கக் கூடாது. இருந்தால் மரத்தை வெட்டுங்கள். நிலம், பேயைக் காட்டிக் கொடுத்தவருக்கே!" என்று ஆணையிட்டார்.

அமைச்சர் பெருநம்பிக்கு வாயெல்லாம் பல். ஏரிக்கரையில் குயத்தி பூவாத்தாளின் நிலத்தின்மேல் அவருக்கு நெடுநாளாகவே கண். "அவள் புளியமரத்தில் பேயை என் இரு கண்ணாலும் கண்டேன்" என்று சபையில் சத்தியம் செய்தார். மறுநாளே ஆட்கள் கோடரியோடு போய் நின்றார்கள்.

பூவாத்தாள் அரசவை விகடகவி சடையாண்டியிடம் ஓடிவந்தாள். "சாமி, என் குடிசையும் அங்கதான், சூளையும் அங்கதான். முப்பது வருசமா அந்த மரத்தடியிலதான் பானை வனையறேன். ஒரு பேயும் வந்து ஒரு வாய்த் தண்ணி கேட்டதில்லயே!"

சடையாண்டிக்கு ரத்தம் கொதித்தது. பேய்க்குச் சட்டம் போட்டு மனுஷியைத் துரத்துகிறார்களே, இதுவும் ஓர் அரசா? எப்போதும் சிரித்துக்கொண்டே சபைக்குப் போகிறவன் அன்று சிரிக்காமல் போனான்.

"மன்னா, பேயும் தங்கள் குடிதானே?"

"அதில் ஐயமென்ன?"

"ஒரு குடியை வெளியேற்றும் முன், முத்திரை ஓலையை அவர் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்குவது நம் வழக்கம். பேய்க்கு மட்டும் அநீதி இழைக்கலாமா? அதைக் கண்ணால் கண்டவர் அமைச்சர் ஒருவரே. அவரே கொடுத்து வரட்டும்."

சடையாண்டி என்றாலே வயிறெரியும் அமைச்சருக்கு முகம் கறுத்தது. ஆனால் ராஜாவோ, "பலே! கைநாட்டு வாங்காமல் இறங்கக் கூடாது" என்றார்.

உச்சி வெயிலில் அமைச்சர் புளியங்கொம்பைப் பிடித்தார். கொம்பெல்லாம் செவ்வெறும்பு. முதலில் காலில் ஏறியது, பிறகு சொல்லக் கூடாத இடங்களுக்கெல்லாம் போனது. ராஜாவோடு ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்க்க, "பேயும் இல்லை, பூதமும் இல்லை! பொய் சொன்னேன் மன்னா, இறக்கிவிடுங்கள்!" என்று அலறினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சடையாண்டி, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"இல்லாத பேய்க்கு ஓலை அனுப்பினோம், கைநாட்டுக்குக் காத்திருந்தோம். இருக்கிற பூவாத்தாளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா, மன்னா? பேய்க்குக் கொடுத்த மரியாதையை இவளுக்கும் கொடுங்கள். அதுதான் என் பரிசு."

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. தலை குனிந்தார். பிறகு தம்மை நினைத்தே ஒருமுறை சிரித்துவிட்டு, அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிந்தார். நிலம் அவளுக்கே என்று தம் கையாலேயே ஓலை எழுதி, பூவாத்தாளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். "ஒருவேளை பேய் இருந்தா, அதுவும் படிச்சுக்கட்டும்!"