ஃபகா சோறு

குவைத்தில் மழை பெய்வதே அபூர்வம். அந்த மழை இடியோடு, குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே பெய்துவிட்டால், ஊருக்கே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஜனவரி பிறந்ததும் டாக்சிக்காரர் முதல் டாக்டர் வரை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்: "ஃபகா வந்துடுச்சா?"

ஃபகா என்பது பாலைவன ட்ரஃபிள். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மணலுக்கு அடியில் தானாகத் திரள்கிற ஒருவகைக் காளான். பார்ப்பதற்கு மண் அப்பிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். மின்னல் தரையைத் தொட்ட இடத்தில்தான் அது விளையும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

கீழக்கரை சதக்கத்துல்லா குவைத்தின் ஃபஹாஹீல் பகுதியில் ஒரு சிறிய ஹோட்டல் வைத்திருந்தார். அந்த வருடம் நல்ல இடி மழை. சந்தைக்குப் போய் முதல் சாக்கு ஃபகாவை அவரே தூக்கி வந்தார். தோல் சீவி, மண் போக அலசி, பட்டை, ஏலம், உலர்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ எல்லாம் போட்டு ஃபகா சோறு ஆக்கினார். வாசலில் போர்டு வைத்தார்.

கூட்டம் வந்தது. சோற்றைச் சாப்பிட்டார்கள். ஃபகாத் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மசாலாவைப் பாதியாகக் குறைத்தார். ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் நெய்யும் உப்பும் மட்டும் போட்டார். அன்றும் அப்படியே. கழுவப் போன தட்டுகளை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். போர்டைத் தூக்கிவிட்டு இனி பரோட்டா, பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அப்புறம்தான் மீரானுக்குப் போன் செய்தார்.

மீரான் ஓர் அரபி வீட்டில் சமையல்காரர். குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போடும்போது அவரும் கூடவே போவார். சதக்கத்துல்லாவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மூன்று வருடத்துக்கு முன் அவர் கையால் ஒரு வாய் ஃபகா தின்றதிலிருந்து சதக்கத்துல்லா அவரை, குரு என்ற பொருளில், "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுவார். ஐம்பது தாண்டிய மனிதர் இப்படிக் கூப்பிடுகிறாரே என்று நண்பர்கள் சிரிப்பார்கள். மீரானும் ஆரம்பத்தில் கூசினார். பிறகு விட்டுவிட்டார்; அவர் சதக்கத்துல்லாவை, அண்ணன் என்ற முறையில், "காக்கா" என்பார்.

"உஸ்தாத், என் சோத்துல என்ன குறை? ஒரு தடவை வந்து ருசி பார்த்துச் சொல்லுங்களேன்."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் சாப்பிட்டுட்டு வாங்க காக்கா. பாலைவனத்துக்குப் போவோம்."

"வெள்ளிக்கிழமை கடையில கூட்டம் அள்ளுமே."

"சரி, அப்ப வேண்டாம்."

மீரான் போனை வைத்துவிட்டார். சதக்கத்துல்லா வெள்ளிக்கிழமை போனார்.

மீரானின் பிக்கப் வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி வெகு தூரம் ஓடியது. ஒரு மரம் இல்லை, மேடு இல்லை. இந்த அடிவானத்திலிருந்து அந்த அடிவானம் வரை வெறும் மணலும், அங்கங்கே மஞ்சள் பூப் பூத்த குட்டைச் செடிகளும்தான். மீரான் வண்டியை நிறுத்தி, பாய் விரித்து, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

"தேடுங்க காக்கா."

சதக்கத்துல்லா தேடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலா பக்கமும் விறுவிறுவென்று நடந்தார். செடிகளின் தூரைக் குச்சியால் கிளறினார். செருப்புக் காலால் மணலை எத்திப் பார்த்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியதுதான் மிச்சம். திரும்பி வந்து பாயில் பொத்தென்று விழுந்தார்.

"இங்கே ஒண்ணுமே இல்ல, உஸ்தாத்."

"என்னத்தைத் தேடுனீங்க?"

"ஃபகாவைத்தான். உருளைக்கிழங்கு மாதிரி, பழுப்பா..."

"அது உள்ளே கிடக்கு. நீங்க மேலே கிடக்கிறதைப் பாருங்க."

"மேலே மணல்தானே கிடக்கு?"

மீரான் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். 

வெயில் சாய்ந்தது. இம்முறை சதக்கத்துல்லா வெயிலை எதிர்கொண்டு மெதுவாக நடந்தார். பிறகு குந்தினார். குந்தியும் போதாமல், யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கன்னம் மணலில் பட மல்லாந்த தவளையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் குப்புறப் படுத்தார்.

கண் மட்டத்தில் பார்த்தால் பாலைவனம் வேறாக இருந்தது. சமதளம் என்று நினைத்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். ஒவ்வொரு கல்லுக்கும் நீளமான நிழல். இரண்டு முழம் தள்ளி, ஒரு மஞ்சள் பூச் செடிக்குப் பக்கத்தில், மணல் லேசாக உப்பியிருந்தது. அதன் உச்சியில், சுடும்போது வெடித்த ரொட்டியில் இருப்பதுபோல நாலு கீற்று விரிசல். விரிசலுக்குள் நிழல்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு தவழ்ந்து போனார். விரலை விட்டார். மணல் விலகியது. உள்ளே ஏதோ குளிர்ச்சியாக, உருண்டையாக, கனமாகத் தட்டுப்பட்டது.

"உஸ்தா...த்!"

அந்தக் கூச்சல் எவ்வளவு தூரம் போயிருக்குமோ தெரியாது. மீரான் கையில் கெண்டி மூடியோடு எழுந்து ஓடி வந்தார்.

"எங்கே? எங்கே? எடுத்துட்டீங்களா? நகம் படாம எடுங்க! ஐயோ, எவ்வளவு பெருசு! இந்த வருசத்துல இவ்வளவு பெருசு நான் பார்க்கவே இல்லையே!"

இருபது குளிர்காலங்களாக ஃபகா தோண்டுகிற மனிதர், முதல் ஃபகாவைப் பார்த்ததுபோல் மணலில் மண்டியிட்டு அதை இரண்டு கையிலும் ஏந்தி முகர்ந்தார்.

அதற்குப் பிறகு சதக்கத்துல்லாவைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு எங்கேயோ போயிற்று. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரமும் காலடியிலேயே கிடந்திருக்கின்றன! ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு சத்தம் போட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் மீரான் "வர்றேன், வர்றேன்!" என்று ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டு நிறைந்தது. சதக்கத்துல்லா சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினார். தான் இப்படி ஓடி எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

சூரியன் இறங்கியதும் மணலிலேயே மஃரிப் தொழுதார்கள். பிறகு மீரான் கேனிலிருந்து தண்ணீர் ஊற்ற, சதக்கத்துல்லா முதலில் கிடைத்ததைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தோல் சீவி, தடிமனாக அரிந்து, இரும்புச் சட்டியில் நெய் விட்டுப் போட்டார்கள். மேலே உப்பு. சுர்ரென்ற சத்தத்தோடு ஒரு வாசனை எழுந்தது. நனைந்த மண்ணும் வறுத்த கடலையும் சேர்ந்தாற்போல் ஒன்று. சதக்கத்துல்லாவுக்கு வாயெல்லாம் ஊறியது.

முதல் துண்டை மீரான் அவரிடம் நீட்டினார். ஊதி ஊதி வாயில் போட்டார். வெந்த பலாக்கொட்டை போல் மெத்தென்று இருந்தது. ஆனால் பலாக்கொட்டையில் இல்லாத ஓர் ஈரம். கடித்ததும் நெய்யும் மண்வாசனையும் மூக்கு வரை ஏறின.

எதிரே மீரான், தன் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் விரிந்திருந்தன.

"எப்படி? எப்படி இருக்கு?"

"அல்லாஹ்..." என்றார் சதக்கத்துல்லா. இன்னொன்று எடுத்தார். "என்ன போட்டீங்க உஸ்தாத்?"

"நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? உப்பு."

"நானும் முந்தாநாள் வெறும் உப்புத்தான் போட்டேன். ஒருத்தர்கூடத் தொடல."

மீரான் மென்றுகொண்டிருந்தார்.

"இப்ப எனக்குப் பசி. அதனாலயா?"

"கிளம்பும்போது பிரியாணி சாப்பிட்டுட்டு வந்தேன்னீங்களே."

"அப்ப இப்பத்தான் தோண்டுன புதுசு. அதனால."

"சந்தைக்கு வர்றதும் இதே மணல்ல காலையில தோண்டுனதுதான்."

சதக்கத்துல்லா கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"புரிஞ்சுபோச்சு உஸ்தாத். தேடிக் கண்டுபிடிச்சேன் பாருங்க, அந்த ருசி இது. ஆனா என் கடைக்கு வர்றவங்களை எல்லாம் வண்டியில ஏத்தி இங்கே கூட்டிட்டு வந்து மணல்ல உருட்டவா முடியும்? அவங்க ஏசிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுறவங்க. அவங்களுக்கு இந்த ருசி எங்கிருந்து வரும்?"

மீரான் சட்டியில் மீதி இருந்ததைக் கரண்டியால் புரட்டிவிட்டார்.

"காக்கா, அவங்க சாப்பிடுறப்ப நீங்க எங்கே இருப்பீங்க?"

"எங்கே இருப்பேன்? உள்ளேதான். அடுப்படியில."

மீரான் கடைசித் துண்டை அவர் தட்டில் வைத்தார்.

"வெளியே வாங்க. நான் இப்ப உங்க வாயையே பார்த்துக்கிட்டு இருந்த மாதிரி, அவங்க பக்கத்துல நில்லுங்க."