பதினாறு சாண் கோல்

மழவராயருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அவர் பெருவளநாட்டின் தளபதி. அவருடைய முத்திரை விழாமல் படை கிளம்பாது. ஆற்றுக்கு அக்கரையில் நெல்லிச் சீமை என்றொரு சின்ன நாடு. அதன் அரசன் சொந்தக் குடிகளையே பட்டினி போட்டு வதைத்துக்கொண்டிருந்தான். மழவராயரின் தங்கை வாழ்க்கைப்பட்டது அங்கேதான். போன மாதம் அவளுடைய கைக்குழந்தை இறந்துவிட்டது.

அடுத்தவன் நாட்டுக்குள் படையோடு நுழையலாமா என்று கேட்க அவர் ஆற்றங்கரைச் சத்திரத்துக்குப் போனார். அங்கே நோயாளிகளுக்கு மருந்தரைத்துக்கொண்டிருந்த நங்கையம்மைதான் அவருக்குக் குரு. அவரைவிடப் பத்து வயது இளையவர். நரைத்த மீசையோடு ஒரு தளபதி அந்த அம்மையாரிடம் கைகட்டி நிற்பதைப் பார்த்து ஊர் சிரித்த காலமும் உண்டு. பிறகு ஊருக்கே அலுத்துப்போயிற்று.

அக்கரை மக்கள் ஆள் அனுப்பிக் கெஞ்சியதையும், பெருவளநாட்டு அரசர் உடனே இசைந்ததையும், அவையில் பலர் கண் கலங்கியதையும் மழவராயர் ஒன்று விடாமல் சொன்னார்.

"போய்விட்டு?" என்று கேட்டார் அம்மை.

"காப்பாற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம், தாயே. மழைக்கு முன்னால்."

அம்மை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வண்டிகளைப் பார்க்கலாமா?"

படைவீட்டில் நாற்பது வண்டிகள் பாரம் ஏற்றி நின்றன. அம்மை அரிசி மூட்டைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்தார். நல்ல அரிசி என்றார். மருந்து வேர்களைப் பார்த்தார். காயத்துக்குக் கட்டும் துணி போதாது, இன்னும் இரண்டு பொதி ஏற்றுங்கள் என்றார். மழவராயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு லேசாக வேலை முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை.

கடைசி மூன்று வண்டிகளைப் பாய் போட்டு மூடியிருந்தார்கள். அம்மை பாயை விலக்கினார். உள்ளே கட்டுக்கட்டாக நீளக் கோல்கள்.

நிலம் அளக்கும் கோல்கள் அவை. ஒவ்வொன்றும் பதினாறு சாண். பெருவளநாடு ஓர் ஊரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் முதலில் அந்த ஊர் வயலில் கோல் விழும். பிறகு அந்த அளவைக் கோயில் சுவரில் வெட்டுவார்கள். அத்தோடு ஊர் அரசருடையது. முப்பது வருஷமாகப் படைக்குப் பின்னால் கோல் வண்டிகளும் வருவதைப் பார்த்துப் பழகிய கண் தளபதியுடையது. அந்த மூன்று வண்டிகள் அவருக்கு உறுத்தவே இல்லை.

"இது யாருடைய பசிக்கு?" என்று கேட்டார் அம்மை.

மழவராயருக்கு வெட்கமாகப் போயிற்று. அரசரின் ஓலை அதிகாரியைக் கூப்பிட்டுக் கோல்களை இறக்கச் சொன்னார். அதிகாரி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, மிகவும் பணிவாகவே பதில் சொன்னார். கோல் இறங்கினால் படையும் போகாதாம். அரசரின் வாய்மொழி உத்தரவாம்.

மழவராயர் அம்மையிடம் திரும்பினார்.

"தாயே, கோலை இறக்கினால் என் தங்கை சாவாள். கோலோடு போனால்தான் என்ன? அவள் பிழைப்பாளே."

"பிழைக்கலாம்." அம்மை அதை மறுக்கவில்லை. "அவள் வயலில் கோல் விழும்போது அவள் புருஷன் என்ன செய்வான்?"

"குறுக்கே நிற்பான்."

"அவனை யார் விலக்குவது?"

மழவராயரின் கை தானாக இடுப்பு வாளிலிருந்து விலகியது.

"நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டார்.

"அவளுக்காகக் கிளம்பியவர் இந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்," என்றார் அம்மை. "முத்திரை உங்களிடமே இருக்கட்டும். சத்திரத்தில் ஒரு வண்டி அரிசி இருக்கிறது. மாடு ஓட்டத் தெரியுமல்லவா?"