அணைய மறுத்த சிவப்பு விளக்கு

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அமலியிடம், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற சற்குணம் ஏழெட்டு மாதமாகத் தொழில் பழகிக்கொண்டிருந்தார். சொன்னதை உடனே செய்வார். சொல்லாததையும் செய்துவிடுவார், அதுதான் தொல்லை.

அவரிடம் அறுபது வருடப் பழைய கார் ஒன்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்கு மணப்பெண்ணான மகளை அதில் தானே ஓட்டிக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் எவ்வளவு ஓட்டினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். மகள் டாக்ஸிக்குச் சொல்லிவைத்துவிட்டாள் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

குருவிடம் கேட்காமலே டைனமோவை மாற்றினார். பெல்ட்டை மாற்றினார். புது பேட்டரி வைத்தார். டைனமோ தரும் கரன்ட்டை பேட்டரிக்கு அனுப்பும் கட்-அவுட் பெட்டியை இரண்டு தடவை மாற்றினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் காரைக் கடைக்கே கொண்டுவந்தார்.

"எந்தப் பார்ட்டும்மா போச்சு?"

அமலி பானட்டைத் திறந்தாள். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. கல்யாணத்துக்காக அவரே குனிந்து நிமிர்ந்து இரண்டு கோட் கிரீம் பெயின்ட் அடித்திருந்தார். எப்போது அடித்தது என்று கேட்டாள். தை மாதம் என்றார். விளக்கு எப்போதிருந்து எரிகிறது என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, அதுவும் தை மாதம்தான் என்றார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொன்னாள். துண்டு ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கட்-அவுட்டின் எர்த்திலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒயரை எடுத்தாள், எரிந்தது.

சற்குணத்துக்குப் புரிந்துவிட்டது. கட்-அவுட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திருகியிருந்தார். பெட்டி வண்டியின் இரும்பைத் தொட்டால்தான் எர்த், அதாவது கரன்ட் திரும்பும் வழி; பெயின்ட்டைத் தாண்டி அது கிடைக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய பாடம்தான்.

அமலி உப்புத்தாளை நீட்டினாள்.

"தேய்க்கணுமா? ரெண்டு கோட்டும்மா."

"இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க."

மனம் வராமல்தான் தேய்த்தார். பெட்டியைத் திரும்ப மாட்டினார். ஸ்டார்ட் செய்து மிதித்ததும் விளக்கு அணைந்தது, அணைந்தே இருந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டு, டாக்ஸி வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார்.

பிறகு பானட்டுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"டைனமோ, பெல்ட்டு, பேட்டரின்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். இந்த இடம் மட்டும் எப்படிம்மா எனக்குத் தோணாமப் போச்சு?"

அமலி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சந்தேகப்படுற மாதிரியா அடிச்சிருந்தீங்க சார்? அவ்வளவு அழகால்ல இருந்துச்சு."