இஸ்ரவேலின் செப்புப் பெட்டி

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற இஸ்ரவேல், அறுபத்திரண்டு வயதில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை செண்பகவல்லிக்கு முப்பத்தொன்பது வயது. ஆசிரியை மாணவரை ‘சார்’ என்பார். மாணவர் ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார்.

ராக்கெட், எரிந்த வாயுவைப் பின்னால் வீசித்தான் முன்னால் போகிறது. வீசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றால் வேகம் கூட்ட முடியாது. எதையுமே வீசாமல் தள்ளும் ஓர் இயந்திரம் செய்யவேண்டும் என்பது இஸ்ரவேலின் ஆசை. ஐந்து வருடம் உழைத்து ஒரு செப்புப் பெட்டி செய்தார். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். உள்ளே நுண்ணலைகள் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருக்கும்.

ஒரு காலை, மஸ்கோத் அல்வாப் பொட்டலத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடி வந்தார்.

“டீச்சர், பெட்டி நகருது!”

காற்றில்லாத கண்ணாடிக் கலனுக்குள் மெல்லிய கம்பியில் ஒரு குறுக்குக் கோல் தொங்கியது; அதன் ஒரு முனையில் பெட்டி. கோல் இம்மி திரும்பினாலும், அதில் ஒட்டிய சிறு கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும் ஒளிப்புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். இஸ்ரவேல் மின்சாரம் கொடுத்தார். புள்ளி இடது பக்கமாக இரண்டு விரல் அகலம் நகர்ந்தது.

செண்பகவல்லி கைதட்டினார். “அழகா நகருது சார்.”

“நாளைக்குக் கருத்தரங்குல சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பெட்டியை முன்பின்னாத் திருப்பி மாட்டுங்க, பார்ப்போம்.”

சந்தோஷமாகத் திருப்பி மாட்டினார். கலனிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் அல்வா பாதி தீர்ந்தது.

புள்ளி இப்போது வலது பக்கம் போகவேண்டும். இடது பக்கமே போனது. அதே இரண்டு விரல்.

“பெட்டிக்குத் திசை மறந்துபோச்சோ?” என்று இஸ்ரவேல் சிரிக்கப் பார்த்தார்.

“பெட்டியையே எடுத்துடுங்க. அதே எடையில ஒரு ஹீட்டரை மாட்டி, அதே மின்சாரம் குடுங்க.”

பெட்டியே இல்லாமல் புள்ளி இடது பக்கம் நகர்ந்தது.

இஸ்ரவேல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்கும் ஹீட்டருக்கும் பொதுவாக இருந்தது எது என்று கலனுக்குள் தேடினார். பிறகு எழுந்து, மின்சாரம் கொண்டுபோகும் வயரைக் காட்டினார்.

“இவனா?”

“அவனேதான். மின்சாரம் ஓடுற வயரைப் பூமியோட காந்தம் தள்ளுது.”

“அஞ்சு வருஷம், டீச்சர்.”

“ஆமா சார்.”

“நாளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

“இன்னைக்குப் பார்த்ததை.”

மறுநாள் இஸ்ரவேல் மேடையேறி எல்லாவற்றையும் சொன்னார். “கடைசியில, பெட்டி இல்லாமலே என் பெட்டி ஓடிச்சு” என்றபோது அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். கீழே இறங்கியதும் வெளியூர் ஆராய்ச்சியாளர் இருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்க கருவியும் நகருது சார். நாங்க திருப்பி மாட்டிப் பார்க்கவே இல்ல. ஒருநாள் வந்து பார்க்கிறீங்களா?”

அவர்கள் முகவரியைக் குறித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

“டீச்சர், எரிபொருளை வீசாம எதுவுமே போகமுடியாதா?”

செண்பகவல்லி ஹீட்டரையும் வயரையும் கழற்றினார். கோலின் முனையில் பளபளக்கும் மெல்லிய தகட்டை மாட்டினார். காற்றை வெளியேற்றிவிட்டு, கலனுக்கு வெளியிலிருந்து அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினார். புள்ளி மயிரிழை நகர்ந்தது.

இஸ்ரவேல் குனிந்து பார்த்தார். எரிபொருள் இல்லை. வயரும் இல்லை. சட்டென்று லேசரை எடுத்துக்கொண்டு கலனின் மறுபக்கம் போய்த் தகட்டின் பின்புறத்தில் அடித்தார். புள்ளி எதிர்த்திசையில் நகர்ந்தது.

“இது நிஜம்!” என்று கத்தினார்.

“நிஜம்தான் சார். வெளிச்சம் தள்ளும்.”

“என் பெட்டிக்குள்ள ஓடுற நுண்ணலையும் ஒரு மாதிரி வெளிச்சம்தானே. அது ஏன் தள்ளல?”

“தள்ளுது. எல்லாச் சுவரையும் தள்ளுது. கூட்டிக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சல.”

“அப்போ என்ன செய்ய?”

“ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்க.”

இஸ்ரவேல் பதறினார். “திறந்தா உள்ள இருக்கிறது எல்லாம் வெளிய போயிடுமே!”

“போகும் சார். அப்பத்தான் பெட்டி கிளம்பும்.”