பதினோரு கட்டு

கால்நடைப் பண்ணையில் காயத்துக்குக் கட்டுப் போடுவது செங்கோடன் வேலை. ஒரு பசுவின் தொடைக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போட்ட இயக்குநர், "கட்டைப் பிரிக்கிறவன் அதுமேல கையெழுத்துப் போடணும்" என்று சட்டம் போட்டார். பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் அவரே பிரித்துக் காட்டினார். செங்கோடன் பேனாவை நீட்டுவான். பேச்சு மும்முரத்தில் அவர் கட்டுத்துணியில் கையெழுத்தைக் கிறுக்குவார். திரும்பத் திரும்பக் கட்டியே அவனுக்குக் கை ஓய்ந்துபோனது.

ஒரு மாதமாகியும் காயம் ஆறவில்லை. சென்னையிலிருந்து அதிகாரி விசாரிக்க வந்தார்.

"இவன் சும்மா சும்மா பிரிக்கிறான், அதான் ஆறலை. இல்லேன்னா நிரூபிக்கட்டும்," என்றார் இயக்குநர்.

செங்கோடன் அலுப்போடு ஒரு வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். பழைய கட்டுத்துணி பதினொன்று. எல்லாவற்றிலும் இயக்குநர் கையெழுத்து.

அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "சரி, கட்டைப் பிரிச்சுக் காயத்தைப் பாப்போம்," என்று தானே கட்டில் கை வைத்தார்.

செங்கோடன் அவரிடமும் பேனாவை நீட்டினான்.