தாமரைச் சிறுமியின் ஒரே ஒரு வாக்கியம்

முன்னொரு காலத்தில், சொன்ன கதையெல்லாம் பலிக்கிற ஒரு நாட்டில், மாறநம்பி என்ற கதைக்காரர் இருந்தார். பலிக்க ஒரே நிபந்தனை: கேட்பவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும்.

அரண்மனைக் குளக்கரையில் அவர் தினமும் சொன்ன தாமரைச் சிறுமி கதை, நாட்டுக்கே செல்லக் கதை. சிறுமி தாமரைக்குள் போவாள். இதழ்கள் மூடும். “எனக்கு இங்கே பிடித்திருக்கிறது” என்று பூவுக்குள்ளிருந்து குரல் வரும். அவள் என்றென்றும் சிறுமியாகவே இருப்பாள். ஊரே உருகி ‘ம்’ கொட்டும். எவ்வளவு இனிமை!

இனிமையாம். உள்ளே இருந்தவளை யாராவது கேட்டார்களா?

அவள் பெயர் நீலாம்பல். கதைக்காரரின் பக்கத்து வீட்டுப் பெண். ஒருநாள் அவரிடம், “மாமா, நாளையிலிருந்து கதை கேட்க வர மாட்டேன். நட்சத்திரங்களைப் பத்திப் படிக்கப் போறேன்” என்றாள்.

“வளர்ந்துட்டா என்னை மறந்துடுவியே, கண்ணு.”

“மறந்தா என்ன மாமா?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றே அவளைத் தாமரைக்குள் வைத்துக் கதை கட்டினார். பேச ஒரே வாக்கியம் கொடுத்தார். மகளைத் தேடி அலைந்த அம்மாகூட, பூவுக்குள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நம்ப ஆசைப்பட்டு, ‘ம்’ கொட்டினாள்.

உள்ளே நீலாம்பல் தன் தோழிகளின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் குழந்தைகளாக ‘ம்’ கொட்டினார்கள். பிறகு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. பிறகு சில குரல்கள் வரவே இல்லை. அம்மாவின் குரலும்.

தன் வாக்கியத்தை அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தாள். “ம்” என்றது ஊர். கத்திச் சொன்னாள். “ம்.” மூன்றாம் முறை கடைசி எழுத்தை மட்டும் இழுத்தாள்.

“எனக்கு இங்கே பிடித்திருக்கிறதா?”

கரையில் சுடர்க்கொடி என்றொரு வாயாடிச் சிறுமி. கொட்ட வந்த ‘ம்’மை விழுங்கினாள். “தாத்தா, அவ ஏதோ கேக்கிறா!”

“என் கதையில கேள்வியே கிடையாது. ம் சொல்லு.”

“பிடிச்சிருக்குன்னு உங்ககிட்ட அவ சொன்னாளா, நீங்க சொல்ல வெச்சீங்களா?”

“ம் சொல்லு!”

“ஊஹூம்.”

பக்கத்துப் பையனும் “ஊஹூம்” என்றான். கடைசி வரிசையில் நீலாம்பலின் பழைய தோழி ஒருத்தி, நரைத்த தலையை ஆட்டி, “ஊஹூம்” என்றாள்.

இதழ்கள் விரிந்தன. வெளியே வந்தவள் சிறுமி அல்ல. காத்திருந்த வயதெல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்துவிட்டது.

“கண்ணு, என்னை மன்னிச்சிடு” என்றார் மாறநம்பி.

அவள் அவரைக் கடந்து போனாள். மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாக் கதையிலும் அவளே ஏன் மன்னிக்க வேண்டும்? அவருக்கு அதன்பின் ஒருவரும் ‘ம்’ கொட்டவில்லை, அது போதும்.

அவள் வீடு இருந்த இடத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நீலாம்பல் திரும்பி வந்து குளத்துப் படியில் தனியே உட்கார்ந்தாள். இப்போது எல்லாச் சொற்களும் இருந்தன, கேட்க அம்மாதான் இல்லை. சுடர்க்கொடி வந்து ஒட்டி உட்கார்ந்தாள். முதல் நட்சத்திரம் தெரிந்தது.

“அத்தை, அது பேரு என்ன?”

“தெரியாதும்மா. படிக்கவே விடலையே.”

“எனக்கும் தெரியாது. சேர்ந்து படிக்கலாமா?”

நீலாம்பல் வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்குப் பிடித்த ஒன்றுக்குச் சொன்னாள்: “ம்.”

கதை இவ்வளவுதான். பிடித்திருந்தால் மட்டும் ‘ம்’ கொட்டுங்கள்.