சிறகு காயவைக்காத போதகர்

மருதங்குளத்தின் இக்கரை உயிர்களுக்கெல்லாம் சற்குணம்தான் போதகர். சற்குணம் ஒரு நீர்க்காகம். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சாவு என்றாலும், "கூப்பிடு சற்குணத்தை!" என்பார்கள். அவரும் வாயில் இருக்கும் மீனை அரைகுறையாக விழுங்கிவிட்டு, முங்கி நீந்தி அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடுவார்.

நீர்க்காகத்தின் சிறகு வாத்தின் சிறகு மாதிரி கிடையாது. தண்ணீரில் ஊறிவிடும். நீந்தி எழுந்ததும் வெயிலில் விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும். சற்குணத்துக்கோ அதற்கு நேரமே இல்லை! அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அக்கரைப் போதகர் தங்கையா ஒரு பாம்புத்தாரா; பாம்பு மாதிரி நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவை. அவருக்கும் அதே மாதிரி சிறகுதான். "சற்குணம், வாய்யா! இப்படி உட்காரு. நாலு வார்த்தை பேசிக்கிட்டே காயவைப்போம்" என்று கூப்பிடுவார்.

"அங்கே தவளை அழுதுகிட்டிருக்கா! நான் இங்கே வெயில் காயவா? இது சும்மா ஈரம் இல்லய்யா, ஊழியத்தோட ஈரம்!"

"சிறகை இப்படிப் படைச்சவரும் ஆண்டவர்தானேய்யா?"

"அட போய்யா!" என்று சற்குணம் மறுபடி தண்ணீரில் குதிப்பார்.

நாளாக ஆக சிறகு கனத்தது. மனசும் கனத்தது. யார் எதைச் சொன்னாலும், "பொறுத்துக்கோ, சரியாயிடும்" என்ற ஒரே பதில்தான். ஒருநாள் அவர் வரச்சொல்லியிருந்த ஆமை தன் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குக் கண் சொக்கிவிட்டது.

"தூங்கவா என்னை வரச்சொன்னீங்க?" என்று ஆமை கோபித்துக்கொண்டு போனது. சற்குணத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிறகு காய உட்காரவில்லை, கூப்பிட்ட இன்னொரு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் அந்த அலறல்! "ஐயோ, போதகரே! என் பிள்ளை!"

அணில் அன்னபாக்கியத்தின் குட்டி, கிளையிலிருந்து வழுக்கிக் குளத்தில் விழுந்துவிட்டது!

சற்குணம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொபுக்கடீர்! பாய்ந்து குட்டியைக் கவ்விவிட்டார்!

"பிடிச்சிட்டார்! பிடிச்சிட்டார்!" என்று கரையே குதித்தது.

ஆனால் என்ன கொடுமை! சிறகு எழும்பவில்லை. அடித்தார், உதறினார், மறுபடி அடித்தார். ஊறிப்போன சிறகு அவரைக் கீழேதான் இழுத்தது. வாயைத் திறந்து கத்தலாம் என்றால் குட்டி விழுந்துவிடும். 'ஐயோ ஆண்டவரே, என்னோடு இந்தப் பச்சைப்பிள்ளையும் போகிறதே!' என்று துடித்துப்போனார்.

விர்ரென்று ஒரு சத்தம்! காய்ந்த சிறகோடு தங்கையா பறந்துவந்தார். குட்டியை லபக்கென்று வாங்கிக்கொண்டு போய்த் தாயிடம் சேர்த்தார். கோபித்துக்கொண்டு போன ஆமை இருக்கிறதே, அதுதான் அடியில் புகுந்து சற்குணத்தை முதுகில் ஏற்றிக் கரையில் தள்ளியது.

"உன் பிள்ளையை நானே மூழ்கடிக்கப் பார்த்தேனேம்மா!" சற்குணம் கேவிக் கேவி அழுதார்.

தங்கையா அவருடைய சிறகை மெல்ல விரித்துவிட்டார். "இன்னிக்கு நீ பேசு சற்குணம். நான் கேட்கிறேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை! சற்குணம் கொட்டித் தீர்த்தார். கேட்டுக்கேட்டுச் சேர்ந்த பாரமெல்லாம் வெளியே வந்தது. ஆமையிடம் மன்னிப்பும் கேட்டார்.

அன்று முதல் தினமும் வெயில் ஏறியதும் இருவரும் கிளையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெபித்தார்கள். "நேத்து ஒருத்தருக்குத் தப்பா யோசனை சொல்லிட்டேன், நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் கொக்கு ஓடிவந்தது. "போதகரே! வீட்ல பெரிய சண்டை! உடனே வாங்க!"

சற்குணத்தின் கால் பரபரத்தது. ஆனாலும் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டார். "வர்றேன்ப்பா! கொஞ்சம் காயட்டும், பறந்தே வர்றேன்!"

சொன்னபடியே பறந்தார்! அடேயப்பா, என்ன வேகம்! முன்னாடியே கிளம்பிய கொக்குக்கும் முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்!

பிறர் பாரத்தைச் சுமக்கிறவர்கள் தங்களையும் பேணி, நாளும் கற்று வளர்ந்தால்தான் தங்களை நம்பியவர்களைக் கரைசேர்க்க முடியும்.